பிடித்தம் போக மீதி

மார்ச் 3

அன்புள்ள வாத்தியாருக்கு,

நான் நலம். நீங்களும் நம் பிள்ளை பட்டாணியும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இந்நேரம் நாலு போன் வந்திருக்கும்.

நேற்று நீங்கள் போனை வைத்த வேகத்தில் எனக்கு இங்கே காது வலித்தது. நாம் பேச ஆரம்பித்து மூன்றாவது நிமிடம் சண்டை வருவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. "வாயால சொல்லாத. எழுதி அனுப்பு. ஸ்டெப் ஸ்டெப்பா எழுது, வெறும் விடைக்கு மார்க் கிடையாது" என்றீர்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் பாவம் என்று பன்னிரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் இருப்பது, இந்த நாட்டுப் பணத்தில், மாதம் 2400. அந்தக் காகிதத்தை நீங்கள் லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த 2400-ஐ நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. சம்பளச் சீட்டின் முதல் வரியில் அது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். அதற்குக் கீழே வரிசையாக ஆட்கள் வந்து பிடுங்கிக்கொண்டு போவார்கள். முதலில் வருமான வரி, 430. பிறகு ஓய்வூதியத்துக்கு என்று 220. மருத்துவக் காப்பீடு 170. கம்பெனி கொடுத்த அறைக்கு 380. அறை என்றால் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னல். கம்பெனி வேனுக்கு 60. வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் கொடுப்பதற்கு 25, நான் துவைக்கிறேன் என்றாலும் விடமாட்டார்கள். எல்லாம் போக என் கைக்கு வருவது 1115.

அதில் சாப்பாட்டுக்கு 250, போனுக்கு 15. உங்களுக்கு 800 அனுப்புகிறேன். மிச்சம் 50. அதில்தான் சோப்பு, காலுறை, தலைவலி மாத்திரை எல்லாம்.

"வாங்குறது ரெண்டாயிரத்து நானூறு, அனுப்புறது எண்ணூறு. ஆயிரத்து அறுநூறு எங்க போச்சு?" என்று கேட்டீர்களே. மேலே இருக்கிறது. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டின் நகலையும் வைத்திருக்கிறேன். முதல் ஆறு மாதம் ஏஜெண்ட் கமிஷன் பிடித்தார்கள், அது முடிந்ததும் முழுச் சம்பளம் வந்து கொட்டும் என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும்தான் நினைத்தேன். யானை வாயில் போன கரும்புதான்.

லேபில் வேலை அதிகம். ஒரு நாளைக்குப் பதினெட்டு பல்செட். மேல்தாடை கீழ்த்தாடை எல்லாம் என் மேசையில் சிரித்துக்கொண்டே இருக்கின்றன. சிரிக்காமல் இருப்பது நான் மட்டும்தான்.

பட்டாணிக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிடுங்கள். உங்களுக்குப் பின்ன வராவிட்டால் அக்கா வீட்டுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி


மார்ச் 16

என் அன்புப் பல்லழகிக்கு,

கடிதம் கிடைத்தது. சீட்டின் நகலும் கிடைத்தது. சிவப்புப் பேனாவில் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கூட்டல் சரி. ஆனால் கேள்வியே தப்பு.

ஓய்வூதியத்துக்கு மாதம் 220 பிடிக்கிறார்கள் என்றால், நீ அறுபது வயதில் விமானம் ஏறி அங்கே போய் பென்ஷன் வாங்கப் போகிறாயா? பதினொரு மாதத்துக்குப் போன ஆளிடம் பென்ஷனா? இதை நீ மேனேஜரிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். உனக்கு என்னிடம்தான் வாய். வெளியே போனால் வாயில் கொழுக்கட்டை.

இங்கே என் பாடு உனக்குத் தெரியாது. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் 2400 என்று தெரியும். அதை நம் பணத்துக்கு மாற்றிப் பெருக்கி, பதினொன்றால் மறுபடியும் பெருக்கி, கரும்பலகையிலேயே போட்டுக் காட்டியிருக்கிறேன். இப்போது தலைமையாசிரியர் அறைக்கு மின்விசிறி வாங்க வேண்டும் என்றால்கூட எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். "சாருக்கு என்ன, வெளிநாட்டுக் காசு" என்கிறார்கள். பிடித்தம் போக 1115 என்று நான் போய் அழித்து எழுத முடியுமா?

அதனால் நீ ஒன்று செய். வரி ஆபீஸுக்கு நேரில் போ. நான் தற்காலிகமாக வந்தவள், எனக்குக் குடும்பம் இருக்கிறது, வரியைக் குறை என்று தெளிவாகச் சொல். அறிவியல் சாரும் அதைத்தான் சொல்கிறார். அவர் மச்சினன் வெளிநாட்டில் ஏழு வருடம் இருந்தவன்.

பட்டாணிக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அழவே இல்லை. "அம்மா புதுசு செஞ்சு அனுப்புவா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். தலை பின்னுகிறேன். ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெல்லியதாகவும் வருகிறது. விகிதம் தப்புகிறது.

அன்புடன்,
உன் கணக்கு வாத்தியார்


ஏப்ரல் 2

அன்புள்ள வாத்தியாருக்கு,

நீங்கள் திருத்தி அனுப்பிய சீட்டைப் பார்த்து அறைத்தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வேறு நாட்டுக்காரி, பேக்கரியில் ரொட்டி அடுக்குகிற வேலை. "உன் புருஷன் அரசாங்கத்துக்கே மார்க் போட்டிருக்கானே!" என்கிறாள்.

சொன்னபடி அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரி ஆபீஸுக்குப் போனேன். டோக்கன் எண்பத்தாறு. இரண்டரை மணி நேரம். கவுன்டரில் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. மலைபோல ஃபைல், நடுவில் ஒரு டீக் கோப்பை. அவள் பேசியதில் பாதி புரிந்தது, மீதியைப் படம் போட்டுக் காட்டினாள். நல்லவள்தான். ஆனால் சிரிக்கக் கூடாது என்று அவளுக்கு மேலிடத்து உத்தரவு போலிருக்கிறது.

கவனமாகக் கேளுங்கள், இது நல்ல செய்தி. என்னைக் குடும்பமே இல்லாத ஒண்டிக்கட்டை என்று வைத்துத்தான் இதுவரை வரி பிடித்திருக்கிறார்கள். ஊரில் புருஷனும் பிள்ளையும் என் சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள் என்று நான் நிரூபித்தால், பிடித்ததில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மொத்தமாக மூவாயிரம் வரும். உண்மையாகத்தான் சொல்கிறேன். மூவாயிரம்!

எனக்கு அந்த நாற்காலியிலேயே கண் கலங்கிவிட்டது. அது ஃபர்னஸ் விலை. பல் சுடுகிற ஃபர்னஸ், பழையது என்றாலும் நல்ல நிலையில் இருக்கிறது, இந்த லேபிலேயே புதியது வாங்கப் போவதால் அதை விற்கிறார்கள். அது இருந்தால் நம் முன்னறையிலேயே நான் சொந்தமாக லேப் போட்டுவிடலாம். ஒரு பல்லுக்கு இவ்வளவு என்று பல் டாக்டர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். நான் இங்கே வந்ததே அதற்குத்தானே. வேறு எதற்காக எட்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வருவேன்?

வேண்டியது இரண்டு. இத்துடன் இருக்கும் படிவத்தில் உங்கள் கையெழுத்து. உங்களுடைய கடைசி பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டு. கணவனின் வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டுமாம். மாதாமாதம் நீங்கள் ஃபிரிட்ஜ் மேல் வைக்கிற சம்பளக் கவரை வைத்துப் பார்த்தால் நாம் வரம்புக்கு வெகு கீழே. கடைசித் தேதி ஜூன் 10. ஒரு நாள் தள்ளினாலும் கிடையாது என்று மேசையைத் தட்டிச் சொன்னாள்.

உடனே அனுப்புங்கள். உங்களுக்கு முத்தம் வேண்டுமானால் கொடுக்கிறேன், இந்த வயதில்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 15

என் அன்புப் பல்லழகிக்கு,

பார்த்தாயா, நான் சொல்லித்தானே போனாய்? இனியாவது என் பேச்சைக் கேள்.

படிவத்தை வாசித்தேன். இத்துடன் ஆதாரங்களை அனுப்புகிறேன். நம் கல்யாணப் போட்டோ (பெரியது, எல்லோரும் நிற்பது), கல்யாணப் பத்திரிகை, குடும்ப அட்டை நகல், காஸ் இணைப்புப் புத்தகத்தின் முதல் பக்கம், பட்டாணியின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மூன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மின் கட்டண ரசீது, என் பட்டச் சான்றிதழ், நல்லாசிரியர் என்று ஒருமுறை கொடுத்த பாராட்டுக் கடிதம், இன்னும் சில. மொத்தம் பதினான்கு. இவ்வளவு பார்த்த பிறகும் நமக்குக் குடும்பம் இல்லை என்று எவன் சொல்வான்?

சம்பளச் சீட்டு விஷயம்தான் கொஞ்சம் இழுக்கிறது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வருகிறது, கடவுச்சொல் கிளார்க்கிடம் இருக்கிறது, கிளார்க் விடுப்பில் இருக்கிறார். அவர் வந்தால் தலைமையாசிரியர் இருக்க மாட்டார். தவிர, என் சம்பளம் அவர்களுக்கு எதற்கு? நான் அங்கே வேலை பார்க்கிறேனா? என் வருமானத்தை வேறு நாட்டு அரசாங்கத்துக்குக் காட்டினால் பின்னால் ஏதாவது வில்லங்கம் வரும் என்று அறிவியல் சார் சொல்கிறார்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் எடுத்துச் சொல். நீ பேசுகிற விதத்தில் பேசினால் ஒத்துக்கொள்வாள்.

பட்டாணி ஞாயிறுதோறும் உன் அக்கா வீட்டுக்குப் போகிறாள். அங்கேதான் வயிறாரச் சாப்பிடுகிறாள் என்று நினைக்கிறேன். நான் செய்வதைச் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லப்பா, முயற்சி பண்ணிருக்க" என்கிறாள்.

அன்புடன்,
உன் கணக்கு வாத்தியார்


ஏப்ரல் 27

வாத்தியாருக்கு,

நான் கேட்டது இரண்டு. நீங்கள் அனுப்பியது பதினான்கு. அந்தப் பதினான்கில் இந்த இரண்டும் இல்லை! படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பவே மறந்துவிட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறேன், பதினான்கு காகிதத்தில் மறைப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

மறுபடியும் அரை நாள் சம்பளம் போயிற்று. டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு. கண்ணாடி அம்மா நம் கல்யாணப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். உங்கள் மீசையைத்தான் பார்த்திருப்பாள். பிறகு காஸ் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்ன, பேங்க் புக்கா?" என்று கேட்டாள். அடுப்பு எரிக்கிற காஸுக்கான புத்தகம் என்றேன். எல்லாவற்றையும் அழகாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "சம்பளச் சீட்டு" என்றாள். அவ்வளவுதான்.

கிளார்க் விடுப்பில் இருக்கிறார் என்கிறீர்கள். ஒரு கிளார்க் எத்தனை நாள் விடுப்பில் இருப்பார்? அவருக்குப் பிரசவமா?

எனக்கு ஒன்று புரியவில்லை. என் சீட்டை நான் உங்களுக்கு அனுப்பினேன். கோட்டு துவைக்கிற 25 வரை நீங்கள் சிவப்பில் வட்டம் போட்டீர்கள். நான் ஒன்றும் மறைக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சரி, கொஞ்சம் கோபப்பட்டேன். ஆனால் காட்டினேன். நீங்கள் பன்னிரண்டு வருடமாக ஒன்றாம் தேதி ஃபிரிட்ஜ் மேல் ஒரு கவரை வைக்கிறீர்கள். கவரில் போடுவதற்கு முன்னால் அது எவ்வளவாக இருந்தது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் உங்களுக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். இப்போதும் நான் கேட்கவில்லை. ஒரு அரசாங்கம் கேட்கிறது.

சட்டியில் இருப்பது எவ்வளவோ அவ்வளவைக் காட்டுங்கள். குறைவாக இருந்தால் நமக்கு நல்லதுதான், வரம்புக்குள் வரும். அதிகமாக இருக்கிறது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நான் என்ன உங்களைக் கடித்தா தின்னப் போகிறேன்?

சீட்டை அனுப்புங்கள். கையெழுத்தையும்.

உங்கள் மனைவி


மே 9

என் அன்புப் பல்லழகிக்கு,

கோபப்படாதே. தீர்வு கிடைத்துவிட்டது. நேற்று ஆசிரியர் அறையில் படிவத்தின் நகலை வைத்துக்கொண்டு அறிவியல் சாரும் நானும் ஒரு பீரியட் முழுக்க உட்கார்ந்தோம். நீ ஒன்றைக் கவனிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் மூன்று கட்டம் இருக்கிறது. மணமாகாதவர், மணமானவர், பிரிந்து வாழ்பவர். இந்த மூன்றாவதில் டிக் போட்டால் கணவன் கையெழுத்து வேண்டாம், கணவன் சம்பளச் சீட்டு வேண்டாம், ஒன்றும் வேண்டாம்! குழந்தை உன் பொறுப்பு என்று எழுதினால் போதும். சாரின் மச்சினனுக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் வாங்கியிருக்கிறார்.

என் பங்குக்கான தொகை கிடைக்காது, குழந்தைக்கான தொகை மட்டும் வரும். போனால் போகிறது. ஃபர்னஸ் வாங்கக் கிட்டத்தட்ட போதும், இல்லையா? பேரம் பேசு.

ஒரு டிக் தானே. இங்கே யாருக்குத் தெரியப்போகிறது? நாம் இப்போது பிரிந்துதான் இருக்கிறோம், நீ அங்கே, நான் இங்கே. ஒரு வகையில் அது பொய்கூட இல்லை. நான் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன். என் முழுச் சம்மதத்துடன்தான் சொல்கிறேன்.

சீக்கிரம் முடித்துவிட்டுச் சொல். கிளார்க் விஷயத்தை இனிமேல் கேட்காதே.

அன்புடன்,
உன் கணக்கு வாத்தியார்


மே 19

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாவது தடவை, விளையாட்டுக்கு எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அறைத்தோழி என்ன என்று கேட்டாள். கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

உங்கள் சம்பளச் சீட்டை எனக்குக் காட்டுவதைவிட, என்னைப் பிரிந்துவிட்டதாக ஒரு அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது உங்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

இதை அறிவியல் சாரோடு உட்கார்ந்து, ஒரு பீரியட் முழுக்கப் பேசி, முடிவு செய்திருக்கிறீர்கள். பிள்ளைகள் பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

என்னதான் இருக்கிறது அந்தச் சீட்டில்? வேறு குடும்பம் வைத்திருக்கிறீர்களா? சூதா? யாருக்காவது ஜாமீன் நின்றீர்களா? வேலையே போய்விட்டதா? ராத்திரியெல்லாம் நான் ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து, காலையில் ஒரு பெரியவரின் பல்செட்டில் கடைவாய்ப் பல்லை முன்னால் வைத்துவிட்டேன். எட்டு மாதத்தில் என் முதல் தப்பு.

ஜூன் 10. அதற்குள் சீட்டு வர வேண்டும். நான் இனி போன் எடுக்கமாட்டேன். பட்டாணியோடு அக்கா போனில் பேசிக்கொள்கிறேன்.


ஜூன் 2

அன்பானவளுக்கு,

கூரியரில் அனுப்புகிறேன். பன்னிரண்டு மாதச் சீட்டும் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. கிளார்க் ஒரு நாளும் விடுப்பில் இல்லை.

சீட்டைப் பார்த்தால் உனக்கே தெரியும். இருந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கடனுக்குப் பிடித்தம். ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்துக் கடன். நான்கு வருடமாகப் போகிறது.

நானும் அறிவியல் சாரும் சேர்ந்து டியூஷன் சென்டர் ஆரம்பித்தோம். மருந்துக் கடைக்கு மேலே இருந்த ஹாலை வாடகைக்கு எடுத்தோம். நூறு பிள்ளைகள் வருவார்கள் என்று கணக்குப் போட்டு இருபத்தைந்து பெஞ்சு செய்தோம். பதினொரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் காசு கொடுக்கவில்லை. ஏழு மாதத்தில் மூடிவிட்டோம். அவர் போட்டது சொற்பம். கடன் என் பெயரில். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அங்கேதான். சென்டர் நன்றாக ஓடினால் உன் கையில் சாவியைக் கொடுத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். கணக்கு வாத்தியார் கணக்கில் தோற்றான் என்று எப்படிச் சொல்வது?

அதன் பிறகுதான் கவர் மெலிந்தது. அலவன்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேன். நீ நம்பினாய். இரண்டு வேளை டீயை ஒரு வேளையாக்கினாய். டாக்டரிடம் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனாய். பிறகு ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "நான் வெளிநாடு போகட்டுமா? பதினோரு மாசம்தானே" என்றாய். அன்று நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் காரணத்தையும் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதனால், எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டேன்.

அந்த 2400-ஐ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது அதனால்தான். நீ சம்பாதிக்கப் போயிருக்கிறாய், என் ஓட்டையை அடைக்கப் போகவில்லை என்று யாராவது என்னிடம் திரும்பச் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

இன்னும் பதினைந்து தவணை பாக்கி. உன் 800-இலிருந்து ஒரு காசுகூடக் கடனுக்குப் போகவில்லை, அது மட்டும் உண்மை. என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் போன் எடு.

உன்


ஜூன் 11

பட்டாணியின் அப்பாவுக்கு,

கூரியர் ஒன்பதாம் தேதி வந்தது. நேற்று பத்தாம் தேதி. காலை முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். கடிதத்தைப் பஸ்ஸில்தான் படித்தேன். அழுதேன். பக்கத்தில் இருந்தவர் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.

பணம் போனதற்காக இல்லை. இருபத்தைந்து பெஞ்சு செய்து பதினொரு பிள்ளைகள் வந்தார்கள் என்று நீங்கள் அன்றே சொல்லியிருந்தால், நான் இரண்டு நாள் திட்டியிருப்பேன். மூன்றாவது நாள் சிரித்திருப்பேன். நாலாவது நாள் அந்தப் பெஞ்சுகளை யாரிடம் விற்கலாம் என்று இரண்டு பேரும் கிளம்பியிருப்போம். கடனைச் சேர்ந்து அடைத்திருப்போம். இப்போதும் நான்தான் அடைத்திருக்கிறேன், ஆனால் எனக்குத் தெரியாமல். ஒரு வேளை டீயைக் குறைத்து, பிள்ளையை விட்டு, ஜன்னலுக்கு வெளியே ஜன்னல் இருக்கிற அறையில் படுத்து அடைத்திருக்கிறேன். இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கவுன்டரில் நடந்ததைச் சொல்கிறேன். கண்ணாடி அம்மா உங்கள் சீட்டை வாங்கி, முதல் வரியைப் பார்த்தாள், ஒரு பட்டியலைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர் சம்பளம் வரம்பைத் தாண்டுதேம்மா" என்றாள். நான் கீழே கடன் பிடித்தத்தைக் காட்டினேன். "கையில வர்றது இவ்வளவுதாங்க" என்றேன். "நாங்க மேல இருக்கிற மொத்தச் சம்பளத்தைத்தான் பார்ப்போம். அவர் வாங்கின கடன் அவர் விஷயம்" என்றாள். புருஷனுக்கான தொகையும் இல்லை. அப்பா சம்பாதிப்பதால் பிள்ளைக்கான தொகையும் எனக்கு இல்லை. மூவாயிரமும் போயிற்று.

நான் எழுந்திருக்கவில்லை. அவள் மூன்றாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டி, எல்லோரிடமும் கேட்பது மாதிரிதான் கேட்டாள். "பிரிஞ்சு வாழறீங்களா?"

இல்லை என்றேன். உங்கள் யோசனை எனக்கு நினைவு இருந்தது. இருந்தும் இல்லை என்றேன். பொய் எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு வராது. அவள் விளக்கினாள். இந்தச் சட்டத்தில் பிரிவது என்றால் விவாகரத்து இல்லையாம், தனித்தனி வீட்டில் இருப்பதும் இல்லையாம். வரவு செலவைச் சேர்ந்து நடத்துகிறீர்களா, ஒருவர் வருமானமும் கடனும் மற்றவருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வியாம். அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். நானும் அந்த வரியில் விரல் வைத்து மறுபடியும் மறுபடியும் படித்தேன். பின்னால் டோக்கன் வைத்திருந்தவர்கள் இருமினார்கள்.

டிக் போட்டேன்.

பிள்ளைக்கான பணம் மட்டும் ஆறு வாரத்தில் வந்துவிடும். பேரம் பேசிவிட்டேன், ஃபர்னஸுக்குப் போதும். ஜூலை முப்பத்தொன்று வருகிறேன். ஃபர்னஸ் நம் வீட்டு முன்னறையில் இறங்காது. அக்கா வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது, நேற்றே பேசிவிட்டேன். பட்டாணியும் என்னோடு அங்கேதான் இருப்பாள். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து அவளைப் பார்க்கலாம், தலை பின்னலாம். இது கோபத்தில் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்தது இல்லை. மீதிப் பதினைந்து தவணையைக் கட்டுங்கள். அதற்குப் பிறகு என்ன என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்ததுபோல எழுத மாட்டேன்.

டிக் போட்டால் தேதி எழுத வேண்டும். எப்போதிலிருந்து என்று கேட்டாள். நான் விமானம் ஏறிய தேதியைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்கள் சீட்டு அவள் கையிலேயே இருந்தது. கடன் தொடங்கிய தேதி அதில் அச்சாகியிருந்தது. அதைக் காட்டி, "இதையே போட்டுக்கோங்க" என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாலு வருஷம் முன்னாடியா? அப்போ ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருந்தீங்க?"

"நானும் அப்படித்தாங்க நினைச்சிட்டிருந்தேன்" என்றேன்.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா